ஆர்-410ஏ ஏசியைக் கழற்றிவிட்டுப் புதிய கேஸுக்கு மாற வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 3

எங்கள் வீட்டில் ஓடும் ஸ்பிளிட் ஏசி ஆர்-410ஏ வாயுவில் இயங்குவது. வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை குளிர்ச்சியில் குறையில்லை. சர்வீசுக்கு வந்தவர், "இந்த கேஸைத் தடை செய்துவிட்டார்கள், இனி கிடைக்காது, மெஷினையே மாற்றிவிடுங்கள்" என்கிறார். புதிய மெஷினில் வரும் கேஸ் தீப்பற்றக்கூடியது என்றும் அவரே சொல்கிறார். தீப்பற்றாத ஒன்றை எடுத்துவிட்டுத் தீப்பற்றுகிற ஒன்றைப் படுக்கையறைக்குள் கொண்டுவருவது எப்படி முன்னேற்றம் ஆகும்? இந்த மாற்றம் பூமிக்காகவா, விற்பனைக்காகவா?

பிப்ரவரி 3, இரவு

கழற்ற வேண்டாம். இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் பெரிய விதிகள் புதிதாகத் தயாராகும், இறக்குமதியாகும் கருவிகளைப் பற்றியவை. அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் புதிய வீட்டு ஏசிகளிலும் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புகளிலும் உள்ள வாயுவின் புவி வெப்பமாக்கல் திறன் (கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஒரு வாயு எத்தனை மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று காட்டும் எண்) 700-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், மூன்று கிலோவுக்குக் குறைவான வாயு கொண்ட ஒற்றை ஸ்பிளிட் கருவிகளுக்கு இதே ஆண்டிலிருந்து வரம்பு 750. ஆர்-410ஏயின் எண் 2,088. ஆகவே அந்தச் சந்தைகளின் புதிய மெஷின்களில் அதற்கு இடமில்லை. சுவரில் ஏற்கெனவே மாட்டியிருப்பதை ஓட்டலாம், பழுது பார்க்கலாம், தேவைப்பட்டால் கேஸும் நிரப்பலாம்.

"இனி கிடைக்காது" என்பதும் பாதிதான் சரி. ஓசோன் படலத்தைக் காக்க ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் ஏற்கப்பட்ட திருத்தம், ஆர்-410ஏ போன்ற வாயுக்களின் உற்பத்தியையும் நுகர்வையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. வளர்ந்த நாடுகள் 2036-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். வளரும் நாடுகளில் ஒரு பிரிவு 2045-க்குள் 80 சதவீதமும், இன்னொரு பிரிவு 2047-க்குள் 85 சதவீதமும் குறைக்க வேண்டும். பழைய மெஷின்களிலிருந்து உறிஞ்சி எடுத்துச் சுத்திகரித்த வாயு இந்தக் கணக்கில் சேராது. அந்த வாயுவை ஒழுங்காகச் சேகரிக்கும் இடங்களில் உங்கள் மெஷினுக்கு இன்னும் நெடுங்காலம் கேஸ் கிடைக்கும்.

கேள்வியின் இரண்டாம் பாதியை நிதானமாக எழுத வேண்டும்.

பிப்ரவரி 4

முதலில் அந்த 2,088 எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ஒரு கிலோ வாயு காற்றில் கலந்தால், அடுத்த நூறு ஆண்டுகளில் அது பிடித்துவைக்கும் வெப்பம், ஒரு கிலோ கரியமில வாயு பிடித்துவைப்பதைப் போல் எத்தனை மடங்கு என்பதே அந்த எண். ஆர்-410ஏ ஒரு தனி வாயு அல்ல. ஆர்-32, ஆர்-125 என்ற இரண்டும் எடையில் சரிபாதியாகக் கலந்தது. ஆர்-32-இன் எண் 675, ஆர்-125-இன் எண் 3,500. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2,088 வந்துவிடும்.

ஆர்-125 எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும். அந்தக் குணத்தை அடக்குவதற்காகவே ஆர்-125 கலக்கப்பட்டது. வாசகர் மதிக்கும் "தீப்பற்றாத" குணமும், காலநிலையின் மீது விழும் சுமையின் பெரும்பகுதியும் ஒரே பொருளிலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் விலக்க வழியில்லை. அந்தப் பாதியை எடுத்துவிட்டு, தீப்பற்றும் தன்மையை மெஷினின் வடிவமைப்பாலும் பொருத்தும் முறையாலும் சமாளிப்போம் என்று முடிவெடுத்ததன் விளைவே இன்றைய ஆர்-32 மெஷின்.

நடுத்தர அறைக்கான ஸ்பிளிட் ஏசியில் ஆர்-410ஏ 1.2 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் வெளியேறினால் ஏறத்தாழ 2,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே குளிர்ச்சி தரும் ஆர்-32 மெஷினில் 0.9 கிலோ இருந்தால் சுமார் 600 கிலோ. ஆர்-290, அதாவது புரொப்பேன், திரவ நிலையில் எடை குறைந்தது என்பதால் 0.35 கிலோ அளவே போதுமானது. அதன் எண்ணை 3 என்று வைத்தாலும் மொத்தக் கணக்கு ஒரு கிலோவைத் தாண்டிச் சற்றுதான் போகிறது. விற்பனைக்காகவா என்ற ஐயத்துக்கு என் பதில் இந்த மூன்று எண்கள்தாம். விற்பவருக்கு இதில் ஆதாயம் இருப்பது உண்மை. அதனால் 2,500-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி பொய்யாகிவிடாது.

பிப்ரவரி 6

தீப்பற்றும் வாயு வீட்டுக்குள் வருவது புதுமை என்ற எண்ணத்தில் இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். வரலாறு வேறு விதமானது. முதல் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவை இருந்தன. அவற்றுள் சில தீப்பற்றக்கூடியவை, நச்சும் உடையவை. அவை கசிந்து மனிதர்களைக் கொன்றன. பெர்லினில் ஒரு குடும்பம் அப்படி இறந்த செய்தியைப் படித்த பிறகுதான், 1920-களில் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் அசையும் பாகம் இல்லாத குளிர்பதனப் பெட்டியை வடிவமைக்க முனைந்தார்கள். 1930-இல் வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஆர்-12 என்று பின்னாளில் அறியப்பட்ட வாயுவை மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் இல்லை என்பதை ஒரே மூச்சில் நிரூபித்த செயல் அது. 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் அந்த வாயுக் குடும்பம் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று கணித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓட்டை தெரிந்தது. 1987-இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை ஆயிற்று. ஆர்-12 போனது, பிறகு ஆர்-22 போகத் தொடங்கியது, ஓசோனைத் தொடாத ஆர்-410ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாவிட்டாலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

இந்த வரிசையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நம்பிக்கையைத்தான். உலக நாடுகள் அனைத்தும் கையெழுத்திட்டு, சொன்னபடி குறைத்து, பலனையும் கண்ட உடன்படிக்கை அது. ஓசோன் படலம் பெரும்பாலான பகுதிகளில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவின் மேல் 2066 வாக்கிலும் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022-ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு. அதே உடன்படிக்கையின் கீழ்தான் இந்த கேஸ் மாற்றமும் நடக்கிறது.

பிப்ரவரி 9

தீ பற்றி. "தீப்பற்றும்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் இரண்டு வேறுபட்ட பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஆர்-32, அதைப் பெரும்பங்காகக் கொண்ட கலவையான ஆர்-454பி ஆகியவை ஏ2எல் என்ற வகுப்பில் இருப்பவை: நச்சு குறைவு, தீ பரவும் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆர்-32-க்கு அது ஏழு சென்டிமீட்டருக்கும் கீழ். புரொப்பேன் ஏ3 வகுப்பைச் சேர்ந்தது. அதன் சுடர் பல மடங்கு வேகமாகப் பரவும், அதைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் பொறி போதும். ஆர்-32-ஐப் பற்றவைக்க அதைப் போல் பல பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

அளவையும் பார்க்க வேண்டும். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர் என்றால் காற்றின் கன அளவு சுமார் 32 கன மீட்டர். ஆர்-32 தீப்பற்ற ஒரு கன மீட்டர் காற்றில் குறைந்தது 307 கிராம் இருக்க வேண்டும்; அறை முழுவதும் அந்த அளவை எட்ட ஏறத்தாழ பத்து கிலோ வேண்டும். மெஷினில் இருப்பது 0.9 கிலோ. புரொப்பேனுக்கு அந்த எல்லை 38 கிராம், அறைக்கு 1.2 கிலோ. மெஷினில் இருப்பது 0.35 கிலோ. சமையலறையில் இதைப் போல் பல மடங்கு எடையுள்ள புரொப்பேனையும் பியூட்டேனையும் உருளையில் அடைத்து, அதற்குப் பக்கத்திலேயே அடுப்பு எரியவிட்டுப் பழகியவர்கள் நாம்.

ஆனால் சமையல் எரிவாயுவில் வாடை சேர்க்கிறார்கள்; குளிர்பதனத்துக்கான புரொப்பேனில் சேர்ப்பதில்லை. கசிவு மூக்குக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆர்-290 மெஷினை வீட்டில் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஏசி பொருத்துவதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டிருந்து, இப்போது புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன். "தீப்பற்றாத" ஆர்-22-உம் ஆர்-410ஏயும் குழாய்க்குள் மிச்சம் இருக்கும்போது, குழாய்களை உலோகம் உருக்கி இணைக்கும் பிரேசிங் சுடரை வைத்தால், தொண்டையை அறுக்கிற புகை வரும். அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் நச்சு வாயு இருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்துவிட்டு இருமிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். பழைய கேஸ் வீட்டுக்காரருக்குத் தீங்கற்றதாகத் தெரிந்திருக்கலாம். அதைக் கையாண்டவருக்கு அது அப்படி இருக்கவில்லை.

பிப்ரவரி 10

நேற்றைய கணக்கை இன்று காலை மீண்டும் படித்தபோது, அதை மட்டும் வைத்து ஒருவர் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்று தோன்றியது. வாயு அறை முழுவதும் சீராகக் கலந்துவிடும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. உண்மையில் புரொப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானது, ஆர்-32 அதைவிடவும் கனம். மின்விசிறியும் ஏசியும் ஓடாத அறையில் கசிந்தால் இரண்டும் தரையோடு படியும். மொத்த அறைக்கு எல்லைக்குக் கீழே இருக்கும் அளவு, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் எல்லைக்கு மேலே போகலாம். இதனால்தான் ஐஈசி 60335-2-40 என்ற பன்னாட்டுத் தரம், உள் யூனிட் எவ்வளவு உயரத்தில் மாட்டப்படுகிறது என்பதைப் பொறுத்துக் குறைந்தபட்ச அறைப் பரப்பைக் கேட்கிறது. சுவரின் மேற்பகுதியில் மாட்டும் யூனிட்டுக்குச் சலுகை அதிகம்; தரையில் நிற்கும் யூனிட்டுக்குக் குறைவு. 2022-இல் வந்த பதிப்பு, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள மெஷின்களில் புரொப்பேனை 988 கிராம் வரை அனுமதிக்கிறது. மெஷினோடு வரும் கையேட்டில் அந்த அறைப் பரப்பு எழுதியிருக்கும். பெரிய மெஷினைச் சிறிய அறையில் மாட்டச் சொல்பவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

பிப்ரவரி 15

"எந்த கேஸாக இருந்தால் என்ன, எல்லாம் மூடிய குழாய்க்குள்தானே சுற்றுகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். என் தொழில் வாழ்க்கை முழுவதும் நான் பார்த்தது அப்படி இல்லாததைத்தான்.

ஒரு வீட்டில், வெயில் காலம் தொடங்கும் முன் ஏசிக்கு கேஸ் நிரப்புவதை ஆண்டுச் சடங்கு போலவே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆள் வருவார், கேஜை மாட்டுவார், அழுத்தம் குறைவு என்பார், நிரப்பிவிட்டுப் போவார். வீட்டுக்காரர், கேஸ் என்பது பெட்ரோலைப் போல் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் என்று நம்பியிருந்தார். அது தீர்வதில்லை, முதல் நாள் நிரப்பியது கடைசி நாள் வரை அதே எடையில் இருக்க வேண்டும். நான் போனபோது வெளி யூனிட்டில் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரிந்தது. நட்டைக் கழற்றினால், செம்புக் குழாயின் விரித்த வாயில் மயிரிழை போல் ஒரு விரிசல். யாரோ தேவைக்கு மேல் முறுக்கியிருக்கிறார். அந்த ஒரு விரிசலின் வழியாக, பல ஆண்டுகளில், மெஷின் முதலில் கொண்டிருந்ததைவிட அதிகமான கேஸ் வெளியேறியிருந்தது. குழாயின் நுனியை வெட்டி, பிசிறு நீக்கி, மறுபடி விரித்து, நைட்ரஜனில் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்து முடித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேஸ் நிரப்ப வேண்டிய தேவை வரவில்லை.

வந்து போனவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு இருந்தது. நட்டைச் சரியான அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கொடுக்கப்படவில்லை. குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம் பம்பைத் தூக்கி மேல் மாடிக்கு ஏறி, உள்ளே அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க நேரம் ஒதுக்கப்படவில்லை. அதனால் வெளி யூனிட்டின் வால்வைச் சற்றே திறந்து, கேஸை விட்டே குழாயிலுள்ள காற்றை வெளியே தள்ளிவிடும் பழக்கம் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வானத்துக்குப் போகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, கம்ப்ரசர் எண்ணெயைக் கெடுக்கிறது. ஆர்-32 வந்த பிறகு இந்தப் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. உள்ளே காற்று தங்கிய மெஷினைப் பம்ப்-டவுன் செய்யும்போது, அதாவது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும்போது, காற்றும் எண்ணெயும் கேஸும் சேர்ந்து அழுந்திச் சூடேறிக் கம்ப்ரசர் வெடித்த விபத்துகள் உண்டு. பழைய கேஸ்களிலும் அது நடந்திருக்கிறது.

எனவே, கேஸின் பெயர் மாறுவதோடு வேலை முடிகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்த எண்ணுள்ள வாயு, மோசமான வேலையால் வரும் சேதத்தைக் குறைக்கிறது. மோசமான வேலையை நல்ல வேலையாக்குவதில்லை. அதே சமயம் "ஒழுங்காக வேலை செய்தால் பழைய கேஸே போதுமே" என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. உலகில் ஓடும் அத்தனை ஏசிகளின் அத்தனை நட்டுகளும் சரியாக முறுக்கப்படும் நாள் வராது. இரண்டும் வேண்டும்.

பிப்ரவரி 16

என் ஆர்-410ஏ மெஷினில் ஆர்-32-ஐ நிரப்பிவிட்டால் என்ன என்று கேட்டவருக்கு: கூடாது. ஆர்-32-இல் கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பம் கணிசமாக அதிகம். பழைய மெஷினின் கட்டுப்பாடும் எண்ணெயும் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அதன் ரிலேக்களும் மின் இணைப்புகளும் தீப்பற்றும் வாயுவுக்கு அருகில் பொறி விடாதபடி சோதிக்கப்பட்டவையும் அல்ல. பழைய ஆர்-22 மெஷினில் புரொப்பேனை நிரப்புவதும் இதே தவறு. அழுத்தம் ஏறத்தாழ ஒத்துப்போவதால் மெஷின் ஓடும், நன்றாகவே குளிரும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அடுத்து வரும் பழுதுபார்ப்பவர் பெயர்ப்பலகையில் ஆர்-22 என்று படித்துவிட்டு பிரேசிங் டார்ச்சைப் பற்றவைப்பார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாற்றத்தைத் தடுத்திருப்பதும் இத்தகைய தீ அபாயத்தால்தான். சமையல் எரிவாயுவை ஏசிக்குள் ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் பியூட்டேன் கலந்திருக்கிறது, கந்தக வாடைப்பொருள் இருக்கிறது, ஈரம் இருக்கிறது.

பிப்ரவரி 23

நான்காம் தேதி எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்காவிட்டால் படம் கோணலாகிவிடும். ஆண்டுக்கு 1,000 யூனிட் மின்சாரம் இழுக்கும் ஏசி என்றும், நிலக்கரியை அதிகம் நம்பும் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்றும் கொண்டால், பத்து ஆண்டுகளில் ஏழு டன். ஆர்-410ஏ முழுவதும் ஒரு முறை கசிந்தாலே இரண்டரை டன்தான். எனவே கேஸ் நல்லது என்று சொல்லிக்கொண்டு, மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் மெஷினை வாங்குவது காலநிலைக்கு உதவாது. நட்சத்திரக் குறியீட்டையோ பருவகாலத் திறன் எண்ணையோ முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கேஸைப் பார்க்க வேண்டும். நல்வாய்ப்பாக இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன: ஆர்-32-உம் ஆர்-290-உம் வெப்பத்தைக் கடத்துவதில் ஆர்-410ஏயைவிட நல்லவை.

கசிவு இந்தக் கணக்கில் இரண்டு முறை வருகிறது. கேஸ் குறைந்த மெஷின் அறையைக் குளிர்விக்க நெடுநேரம் ஓடும், மின்சாரமும் ஏறும். வெளியேறிய கேஸ் தனிக் கணக்கு.

மின்கட்டமைப்பு சூரியனுக்கும் காற்றுக்கும் மாற மாற, அந்த ஏழு டன் குறைந்துகொண்டே போகும். கேஸின் இரண்டரை டன் அப்படியே இருக்கும். இன்று சிறியதாகத் தெரியும் பங்கு, இன்று மாட்டும் மெஷினின் ஆயுள் முடிவதற்குள் பெரிய பங்காகிவிடலாம். அதனால்தான் கேஸ் மாற்றத்தை மின்சாரம் தூய்மையாகும்வரை தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

மார்ச் 2

ஆர்-32 போதுமா என்ற கேள்விக்கு முன்பு நான் "போதும்" என்ற தொனியில் எழுதியிருப்பதாக ஒருவர் சுட்டுகிறார். போதும் என்பது என் கருத்தல்ல. ஒரு படி என்பதே. ஆர்-32 காற்றில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்தாம் இருக்கும். அதன் வேலை முழுவதையும் அந்தக் குறுகிய காலத்தில் செய்துவிடுகிறது. அதை நூறு ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கிடுவதால் எண் சிறியதாகத் தெரிகிறது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் ஆறாம் அறிக்கை நூறு ஆண்டுக் கணக்கில் 771 என்கிறது, இருபது ஆண்டுக் கணக்கில் 2,690 என்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளின் வெப்பம்தான் நம் கவலை என்றால், 675-ஐ மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. புரொப்பேன் காற்றில் சில வாரங்களில் சிதைந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இதை ஏற்கெனவே எழுதிவிட்டது. 12 கிலோவாட் வரையிலான, காற்றைக் காற்றால் குளிர்விக்கும் ஸ்பிளிட் கருவிகளில் 2029 முதல் 150-க்கு மேற்பட்ட எண்ணுள்ள ஃபுளோரின் வாயுக்களுக்கு இடமில்லை. 2035 முதல் எந்த ஃபுளோரின் வாயுவுக்கும் இடமில்லை. இரண்டிலும், பாதுகாப்பு காரணமாக விலக்கு தேவைப்படும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு. எண் 675 என்பதால் ஆர்-32-உம் 2029-இலேயே வெளியே போகும்.

ஆர்-454பி பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 68.9 சதவீதம் ஆர்-32, மீதி ஆர்-1234ஒய்எஃப், எண் 466. எண்ணில் ஆர்-32-ஐவிடக் குறைவு. ஆனால் ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சில நாட்களில் சிதைந்து டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. அது மழையோடு இறங்கி நீரில் தங்கும். இயற்கையில் சிதைவதில்லை, வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் நீங்குவதில்லை. 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள், அழியாத ஃபுளோரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய இரசாயன முகமையிடம் முன்வைத்த திட்டத்தின் வரையறைக்குள் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது, ஆர்-125-உம் வருகிறது, ஆர்-32 வருவதில்லை. காலநிலைக் கணக்கில் ஜெயித்து நீர்க் கணக்கில் கடன் வைப்பது நல்ல தேர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆக என் வரிசை இது: பயிற்சி பெற்ற கை கிடைக்கும் இடத்தில் ஆர்-290. கிடைக்காத இடத்தில் ஆர்-32. கலவைகள் கடைசியில்.

மார்ச் 3

நேற்றைய வரிசையில் "பயிற்சி பெற்ற கை" என்பதை அலங்காரமாக எழுதவில்லை. பயிற்சி இல்லாதவர் மாட்டும் ஆர்-290 மெஷினைவிட, பயிற்சி பெற்றவர் மாட்டும் ஆர்-32 மெஷினே பாதுகாப்பானது. அந்த இடத்தில் நான் சமரசம் செய்யமாட்டேன்.

மார்ச் 11

குளிர் நாட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கும் இதே கேள்விதானா என்று கேட்கிறார். மெஷின் ஒன்றுதான், நான்கு வழி வால்வு வாயு ஓடும் திசையை மாற்றுகிறது, வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் தீயைப் பற்றிய கவலை அங்கே எளிதாகத் தீர்ந்துவிடுகிறது. மோனோபிளாக் எனப்படும் ஹீட் பம்பில் புரொப்பேன் முழுவதும் வெளியில் நிற்கும் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். வீட்டுக்குள் வருவது சூடான தண்ணீர் மட்டும். தொழிற்சாலையிலேயே குழாய்கள் பிரேசிங் செய்து மூடப்படுவதால், வீட்டில் ஃப்ளேர் நட்டு முறுக்கும் வேலையே இல்லை. பிப்ரவரி பதினைந்தாம் தேதி எழுதிய விரிசலுக்கு அங்கே வாய்ப்பு மிகக் குறைவு. ஆர்-290 இயந்திரங்கள் 70 பாகைக்கும் மேல் தண்ணீரைச் சூடாக்க வல்லவை என்பதால், பழைய ரேடியேட்டர்களைக் கழற்றாமலே பல வீடுகளில் பொருத்த முடிகிறது.

குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் என்றால் கரியமில வாயுவே குளிர்பதன வாயுவாக வேலை செய்கிறது. ஜப்பானில் 2001 முதல் அத்தகைய வெந்நீர்க் கருவிகள் விற்பனையில் இருக்கின்றன. 90 பாகை வரை சூடாக்கும். அதன் எண் 1, தீயும் இல்லை. அழுத்தம் மிக அதிகம் என்பதாலும், அறையைக் குளிர்விக்கும் வேலையில் வெளி வெப்பம் ஏற ஏறத் திறன் குறைவதாலும், வீட்டு ஏசியில் அது இடம்பிடிக்கவில்லை.

வெப்பமான நாடுகளில் நிலைமை எதிர்மாறானது. அங்கே வேண்டியது ஸ்பிளிட். ஸ்பிளிட் என்றாலே வாயு அறைக்குள் வந்துதான் தீர வேண்டும். இந்த மாற்றம் வெப்ப நாடுகளில் மெதுவாக நடப்பதற்கு இதை முக்கியமான காரணமாக நான் நினைக்கிறேன்.

மார்ச் 30

ஒரு வாசகரின் மெஷினில் கம்ப்ரசர் போய்விட்டதாம், மாற்றத்தான் போகிறாராம். புதியதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பழையதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பழையதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓடும் நிலையில் உள்ள மெஷினைக் கழற்றும்போது, கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வுகளை மூடிவிடுவார்கள். அதுவரை சரி. பிறகு அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போகும். அவர் செம்புக்காக முதலில் குழாயைத்தான் வெட்டுவார். அந்த நொடியில் அத்தனை கேஸும் வெளியேறும். பல ஆண்டுகள் கசியாமல் காத்ததெல்லாம் வீண். கம்ப்ரசர் ஓடாத மெஷினில் இழுத்து மூடவும் வழியில்லை என்பதால், நட்டைத் தளர்த்தி அப்படியே விட்டுவிடுவது சுலபமான வழியாகத் தெரியும். செய்ய வேண்டியது, ரிகவரி மெஷினைக் கொண்டு வந்து, உருளைக்குள் உறிஞ்சி, எடைபோட்டு, சுத்திகரிக்கவோ அழிக்கவோ அனுப்புவது. ஆர்-410ஏயும் ஆர்-22-உம் ஒரே உருளையில் கலந்துவிட்டால் அதைச் சுத்திகரிப்பது ஏறத்தாழ இயலாது. எனவே தனித்தனி உருளை.

மாற்றுவதற்கு ஆள் பேசும்போது, பழைய மெஷினில் உள்ள கேஸை என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ரிகவரி மெஷின் இருக்கிறதா, எடுத்த எடையை எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் புதிய மெஷினை எப்படி மாட்டுவார் என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஏப்ரல் 13

வீடு கட்டிக்கொண்டிருப்பவர் கேட்டது: சுவர் பூசுவதற்கு முன் ஏசிக் குழாயைப் பதித்துவிடலாமா, எந்த கேஸ் வரும் என்று தெரியாதபோது எந்தக் குழாய்?

பதிக்கலாம். உள் யூனிட்டிலிருந்து வெளி யூனிட் வரை ஒரே நீளக் குழாயாக, நடுவில் இணைப்பே இல்லாமல் பதிக்க வேண்டும். ஃப்ளேர் இணைப்பு எதுவும் சுவருக்குள் மறையக் கூடாது. திறந்து பார்க்க முடிகிற இடத்திலேயே இருக்க வேண்டும். குழாயின் தடிமன் ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவற்றின் அழுத்தத்துக்கு ஏற்றதாக இருந்தால், அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் ஆர்-290-க்கும் தாங்கும். விட்டம் மெஷினுக்கு மெஷின் மாறலாம் என்பதால், குழாயை நேரடியாகப் பூச்சுக்குள் புதைக்காமல், பின்னால் உருவி மாற்றும்படி அகலமான உறைக்குள் விடுவது நல்லது. தூரத்தைக் குறையுங்கள். குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இத்தனை கிராம் என்று கேஸைக் கூட்ட வேண்டியிருக்கும். தீப்பற்றும் வாயுவில் கேஸ் கூடினால் அறைப் பரப்பின் தேவையும் கூடும். பல மாதங்கள் வெறுமனே கிடக்கும் குழாயின் இரு முனைகளையும் நசுக்கிப் பிரேசிங் செய்து, உள்ளே சிறிது நைட்ரஜனை அடைத்துவையுங்கள். துணியைத் திணித்து மூடினால் சிமெண்ட் தூளும் ஈரமும் உள்ளே போகும்.

வெளி யூனிட்டுக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பின்னாளில் ஆர்-290 வரக்கூடும் என்றே எண்ணித் தேர்ந்தெடுங்கள். கனமான வாயு தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். எனவே சாக்கடைத் திறப்பு, நிலவறைச் சாளரம், காற்றோட்டமில்லாத குழி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அந்தத் தளம் அமையக் கூடாது. எத்தனை தூரம் என்பதை மெஷின் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். இப்போது மேடை கட்டும்போதே நாற்புறமும் திறந்த, நிழலுள்ள, ஏணி இல்லாமல் ஆள் நின்று வேலை செய்யக்கூடிய ஓரிடத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.